பெரிய கோயிலைப் பார்க்க கைடு வேண்டுமா?

கேள்வி இதுதான்: வயதான அப்பா அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் பெங்களூரிலிருந்து தஞ்சாவூர் போகிறது. கையில் இரண்டு நாள். வாசலில் நிற்கும் கைடை வைத்துக்கொள்வதா, ஃபோனில் படித்தபடி நாமே சுற்றுவதா? வைத்தால் எப்படிப் பேரம் பேசுவது? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கைடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேசிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோயிலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது கொஞ்சம், குனிந்து பார்க்க வேண்டியது நிறைய. கருவறைக்கு மேல் எழும் விமானத்தை அண்ணாந்து பார்க்க யாரும் சொல்லித் தர வேண்டாம், கழுத்து தானாகப் போகும். அடித்தளத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் உங்களைக் குனிய வைக்கிற ஆள் கிடைத்தால், அவருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலுக்கு வந்ததுமே "சார், கைடு வேணுமா, தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி" என்று இரண்டு மூன்று பேர் வருவார்கள். சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அட்டை வைத்திருப்பவரும் கதை அளக்கலாம். நான் செய்வது வேறு. பேரம் பேசுவதற்கு முன் சும்மா கேட்பதுபோல, "இந்தப் பெரிய நந்தி ராஜராஜன் வச்சதாங்க?" என்று கேட்பேன். "ஆமா சார், ஒரே கல்லு, வருஷா வருஷம் வளர்ந்துச்சு, அப்புறம் முதுகுல ஆணி அடிச்சாங்க" என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். "இல்லைங்க, இது நாயக்கர் காலத்து நந்தி. பழைய நந்தி தெக்குப் பக்கம் திருச்சுற்றுல இருக்கு" என்று சொன்னால் அவரை விடாதீர்கள். எந்தக் கல் எந்தக் காலத்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு மற்றதும் தெரிந்திருக்கும்.

இனி, அங்கே உங்கள் காதில் விழப்போகும் கதைகள். முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லித் திண்டாட வேண்டியிருக்காது.

முதலில் எழுத்துக் கணக்கு. லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. அதன் பீடமான ஆவுடையார் 18 அடி, அது மெய்யெழுத்து. விமானம் 216 அடி, உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் இடையே 247 அடி, மொத்தத் தமிழ் எழுத்து. கேட்கப் புல்லரிக்கும், வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி வருவதும் அதனால்தான். ஆனால் அடி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த அளவு. சோழர் அளந்தது முழத்திலும் விரலிலும். அந்தக் கோயில் கல்வெட்டுகளே செப்புத்திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் என்றுதான் சொல்கின்றன. நந்தியோ ராஜராஜனுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தது. அது எங்கே உட்காரும் என்று அவன் எப்படிக் கணக்குப் போட்டிருப்பான்?

அடுத்தது நிழல். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். காலை ஏழு மணிக்குப் போய் மேற்குப் பக்கம் நில்லுங்கள், நிழலில்தான் நிற்பீர்கள். உச்சிவேளையைத்தான் சொல்கிறோம் என்று சமாளிப்பவர்களும் உண்டு. சித்திரையிலும் ஆவணியிலும் தஞ்சாவூரில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே வரும். அகன்ற அடியும் குறுகிய நுனியும் உள்ள எந்தக் கட்டடத்தின் நிழலும் அப்போது தன் மேலேயே விழும். மார்கழியில் போனால் நடுப்பகலிலும் வடபுறத் தரையில் நிழல் தாராளமாகக் கிடக்கும். அங்கே உட்கார்ந்து இளைப்பாறவே செய்யலாம்.

உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் போட்டு யானை வைத்து இழுத்தார்கள் என்பது இன்னொன்று. சாய்தளமோ சாரமோ ஏதோ ஒன்று போடாமல் அவ்வளவு உயரத்துக்குக் கல் ஏறியிருக்க முடியாதுதான். ஆனால் உச்சிச் சிகரம் பல கற்களை இணைத்து அமைத்தது என்பதே அதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் பலரின் முடிவு. வடபுறம் விமானத்தின் மேலே தொப்பி போட்ட ஐரோப்பியன் முகம் ஒன்று இருப்பதையும் கட்டாயம் காட்டுவார்கள், வெள்ளைக்காரன் வரப்போவதை ராஜராஜன் முன்கூட்டியே அறிந்தான் என்ற விளக்கத்தோடு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் குடியேறினார்கள். அதற்குப் பிறகு நடந்த ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் இந்த முகம் சேர்ந்திருக்கலாம் என்று நினைப்பதற்கு ஜோசியம் எதுவும் தேவையில்லை.

இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களுடைய பிழைப்பு அது, கேட்பவர்களும் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்கே போய்விடுகிறதே என்பதுதான் வருத்தம். ஏனென்றால் அந்தக் கோயிலைக் கட்டியவன் தன் கணக்கு வழக்கு மொத்தத்தையும் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

விமானத்தின் வடபுறத்துக்குப் போங்கள். கைடிடம் அந்த முதல் கல்வெட்டைக் காட்டச் சொல்லுங்கள். ராஜராஜன் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தபடி சொன்ன வாக்கியம் அதில் இருக்கிறது: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார்க்கு நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று. நான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, என் மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் யார் என்ன கொடுத்தாலும் அது, எல்லாவற்றையும் எழுது. அக்கன் என்பது குந்தவை. தன் பெயருக்கு அடுத்து அக்காவின் பெயர், அதற்குப் பிறகுதான் மனைவியர். வரிசையைக் கவனியுங்கள்.

இதைப் படிக்க ஆளில்லாமல் போன காலமும் உண்டு. கரிகாலச் சோழன் நோய் தீர்வதற்காகக் கட்டிய கோயில் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரும் அதையே நம்பியது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் 1886-இல் இந்தச் சுவர்களைப் படித்த பிறகுதான் கட்டியவன் முதலாம் ராஜராஜன் (ஆட்சி 985–1014) என்பது ஐயமில்லாமல் நிலைபெற்றது. சுவரில் பெயர் அத்தனை இடத்தில் எழுதியிருக்க, ஊர் வேறு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தக் கல்வெட்டுகளில் என்ன இருக்கிறது என்று நல்ல கைடு நாலைந்தாவது எடுத்துச் சொல்வார். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்க அரசன் செப்புக்குடம் கொடுத்தான். அதன் எடை 3083 பலம். மேலே போர்த்திய தங்கத் தகடு 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை பாருங்கள். தங்கம் நிறுக்க "ஆடவல்லான்" என்று பெயர் வைத்த எடைக்கல், நகை நிறுக்க "தட்சிணமேரு விடங்கன்" என்று இன்னொரு கல். இரண்டுமே கோயிலில் இருந்த இறைவன் திருமேனிகளின் பெயர்கள். எடையில் யாரும் கைவைக்காமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். அந்த வட்டியில் சாமி குளிக்கும் நீரிலும் குடிக்கும் நீரிலும் போடுவதற்கு ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்ச வேர் வாங்கியிருக்கிறார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு. அதை மேய்ப்பவர் தினமும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதால் அதற்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். பிள்ளைகளுக்கு இது நிச்சயம் பிடிக்கும், சொல்லிப் பாருங்கள்.

எனக்கு எப்போதும் பிடித்தது தளிச்சேரிக் கல்வெட்டு, அதாவது கோயில் மகளிர் குடியிருந்த தெருக்களைப் பற்றியது. வடபுறத் திருச்சுற்று மதிலில் இருக்கிறது. நாட்டிலுள்ள பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடியேற்றினான் ராஜராஜன். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு விடவில்லை. எந்தச் சேரி, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), தலைவீடா, இரண்டாம் வீடா, அதில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்று 400 பேருக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஒரு தெருவில் யாருக்குப் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. அதே பட்டியல் நீண்டுகொண்டே போய் நட்டுவனார், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், தையல்காரர், நாவிதர், துணி வெளுக்கும் ஈரங்கொல்லிகள் எல்லோருக்கும் எவ்வளவு பங்கு என்று சொல்கிறது. கோயிலை எடுத்த தலைமைத் தச்சர் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அவர் பெயரும் கல்லில் இருக்கிறது. உலகத்தின் பழைய பெருங்கட்டடங்கள் எத்தனையோ, கட்டிய தச்சன் பெயர் தெரியாமலே நிற்கின்றன.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கல்வெட்டின் முன் நிறுத்தி, தெரிந்த எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து ஒன்றும் புரியாத கிறுக்கல் கிடையாது. ட, ப, ம போன்றவை இன்றைக்கும் அடையாளம் தெரியும். புள்ளி வைக்கும் வழக்கம் அநேகமாகக் கிடையாது என்பதால் மெய்யா உயிர்மெய்யா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். "ஸ்ரீ" என்ற கிரந்த எழுத்தை ஒருமுறை காட்டிவிட்டால், அப்புறம் "ஸ்ரீராஜராஜ" எங்கெங்கே வருகிறது என்று அவர்களே ஓடி ஓடிக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் கையை வைத்துத் தடவக்கூடாது, சாக்பீஸ் போடக்கூடாது என்று முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள். எத்தனை பேர் தடவித் தடவி எழுத்தை மழுக்கியிருக்கிறார்கள் என்பதை அங்கேயே பார்க்கலாம்.

சரி, நடக்கிற வழியில் எங்கே நிற்பது? முதல் வளைவு மராட்டியர் காலத்தது, அதைக் கடந்துவிடலாம். அடுத்தது கேரளாந்தகன் திருவாசல், சேரனை வென்றதற்கு வைத்த பெயர். மூன்றாவது ராஜராஜன் திருவாசல். இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும் ஆளை அசத்தும் உயரத்தில் துவாரபாலகர் நிற்கிறார்கள். அவர் காலை ஊன்றியிருக்கும் கதாயுதத்தின் பக்கம் பாருங்கள், ஒரு பாம்பு சுற்றியிருக்கும். அதன் வாயை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரியது? அந்தப் பாம்பு கால்மாட்டில் சுருண்டு கிடக்கிறது என்றால் காவலர் எவ்வளவு பெரியவர்? அந்தக் காவலரே வியப்பில் கையை விரித்து உள்ளே இருப்பவரைக் காட்டுகிறார் என்றால்? மீதிக் கணக்கைப் பார்ப்பவர் போட்டுக்கொள்ள வேண்டியது. உயரத்தைக் கல்லால் மட்டும் காட்டாமல் பார்ப்பவர் மனக்கணக்காலும் காட்டத் தெரிந்த சிற்பி அவர்.

அதே வாசலின் அடித்தளத்தில் குட்டிக் குட்டியாகக் கதைச் சிற்பங்கள் வரிசையாக ஓடும். மார்க்கண்டேயர், கண்ணப்பர், சண்டிகேசர், அர்ச்சுனன் தபசு. பெரும்பாலான கூட்டம் இதைப் பார்க்காமல் நேரே உள்ளே போய்விடும், ஏனென்றால் வாசலைத் தாண்டியதும் விமானம் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

உள்ளே முற்றம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். இரண்டு சதுரத்தை அடுத்தடுத்து வைத்த திட்டம். மேற்குச் சதுரத்தின் நடுவில் கருவறை. இதைத் தெரிந்துகொண்டு நின்றால் மற்ற கோயில்களில் வரும் நெரிசல் உணர்வு இங்கே ஏன் வரவில்லை என்று புரியும். விமானம் 13 நிலை, உள்ளே கூடு. கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் நடைபாதை. மேலே போகப் போகக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்தள்ளி அடுக்கிக்கொண்டே போய் உச்சியில் மூடியிருக்கிறார்கள். இத்தனைக்கும் தஞ்சாவூரில் பாறையே கிடையாது, வயல்தான். கருங்கல் மொத்தமும் வெளியிலிருந்து வந்தது.

வெளிச்சுவரில் இரண்டு வரிசையாகக் கோட்டங்கள், அதாவது சிலை வைக்கும் மாடங்கள். கீழ்வரிசையில் சிவனின் பல வடிவங்கள். மேல்வரிசையில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப: வில்லேந்திய திரிபுராந்தகர். முப்புரம் எரித்த அந்த வடிவத்தின் மேல் ராஜராஜனுக்கு ஏதோ தனிப் பிடிப்பு இருந்திருக்கிறது. ஓயாமல் போர் செய்தவனுக்கு அது பிடித்ததில் ஆச்சரியமும் இல்லை.

சோழர் ஓவியங்களைப் பார்க்க முடியுமா என்று பலரும் கேட்பார்கள். அந்த இரட்டைச் சுவருக்கு நடுவில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் அவை மறைந்திருந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிறகு தொல்லியல் துறை மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சேதமில்லாமல் உரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியது. அந்த இடம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. ஈரமும் மூச்சுக்காற்றும் பட்டால் சுண்ணப் பூச்சு தாங்காது, ஆகவே அது நியாயமான கட்டுப்பாடுதான். "நான் உள்ளே ஏற்பாடு பண்றேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். வளாகத்திலேயே இருக்கும் காட்சிக்கூடத்தில் படங்கள் வைத்திருக்கிறார்கள், அங்கே போய் சுந்தரர் கதையைப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் கிழவர் ஓலையோடு வந்து வழக்காடுவது ஒரு பக்கம், வெள்ளானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போவது இன்னொரு பக்கம். பந்தலில் கூடியவர்களின் முகங்களில் திகைப்பும் எரிச்சலும் தனித்தனியாகத் தெரியும்.

ஓவியங்கள் இருக்கும் நடைபாதைக்கு மேல் தளத்தில் 108 நாட்டியக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81-ஓடு நின்றிருக்கிறது. மிச்சம் 27 கல் வெறுமையாக இருக்கிறது. அங்கேயும் ஏற விடமாட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று சுவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்கள் இதை மட்டும் எழுதவில்லை.

முற்றத்தில் மற்றவற்றை வேகமாகப் பார்க்கலாம், முருகன் சன்னதியைத் தவிர. நாயக்கர் காலத்தது அது. சோழர் சிற்பத்தின் தடித்த, அமைதியான கோடுகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், கல்லில் நகை வேலை செய்த மாதிரி இருக்கும். எது உசத்தி என்று கேட்டால் நான் சோழர் பக்கம். ஆனால் என் வீட்டில் பெரும்பான்மை முருகன் சன்னதிக்குத்தான். பெரியநாயகி அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. தென்மேற்குத் திருச்சுற்றில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-இல் வெட்டிவைத்த போன்ஸ்லே வம்ச வரலாறு மராட்டியில் இருக்கிறது. பெங்களூரில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தி எழுத்து தெரிந்திருந்தால் அதை எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம்.

இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது? முதல் நாள் சாயங்காலம் பெரிய கோயிலுக்குச் சும்மா போங்கள். கைடு வேண்டாம். தரிசனம், முற்றத்தில் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறரை, ஏழு மணிக்கு கைடோடு போங்கள். தரை சூடேறுவதற்குள், ஒன்பது மணிக்கெல்லாம் முக்கியமான சுவர்களை முடித்துவிடலாம். முதல் நாளே ஆசை தீரப் பார்த்துவிட்டதால் யாரும் கைடு பேசும்போது செல்ஃபி எடுக்க ஓட மாட்டார்கள். நண்பகலில் சன்னதி நடை சாத்தி மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும், அந்த நேரத்தில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பது பெரியவர்களுக்குத் தண்டனை. தடித்த பருத்திச் சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல்படிகள் உயரம், சன்னதிக்கு ஏறும் படிக்கட்டும் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் ஒருமுறை ஏறித் தரிசனம் பார்த்தால் போதும்.

வெயில் நேரத்துக்கு அரண்மனைக் கலைக்கூடம். 1951-இல் தொடங்கியது. இங்கே ஒரே ஒரு சிலையைத்தான் பார்க்க நேரம் என்றால் திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளையோடு நிற்கும் சிவன்), 1011-ஆம் ஆண்டை ஒட்டியது. காளை இல்லை. காளையின் மேல் சாய்ந்த கை மட்டும் காற்றில் அப்படியே நிற்கிறது. காலை மாற்றி, இடுப்பைச் சாய்த்து, தலையில் சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றி நிற்கும் அந்த நிலையைப் பின்பக்கமிருந்தும் பாருங்கள். கோயிலில் இருந்திருந்தால் பட்டும் மாலையும் போர்த்தி முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். அங்கேயே கல்யாணபுரத்திலிருந்து வந்த துவாரபாலகர் ஒருவர் இருக்கிறார். சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரை அழித்துவிட்டு எடுத்துவந்தது. அதை அடியிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சிலைகளை யார் யார் கொண்டுபோனார்கள் என்று பேசும்போது இவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மதியத்துக்கு மேல் தாராசுரம், சுமார் 35 கிலோமீட்டர். கும்பகோணத்தில் தங்கிவிட்டால் சௌகரியம். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுத்த ஐராவதேசுவரர் கோயில். உண்மையில் கைடு அதிகம் தேவைப்படுவது இங்கேதான். தஞ்சாவூர் தானாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும், தாராசுரம் காட்டாது. கருவறைச் சுற்றின் அடித்தளத்தில் நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன; பலவற்றுக்கு மேலே பெயரும் வெட்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு நேரே வரும். சேக்கிழார் பெரியபுராணம் பாடி அதிக காலம் ஆகாத நேரத்தில் செதுக்கியவை இவை, அதனால் புதுக் கதையைச் சொல்லும் உற்சாகம் அதில் இருக்கிறது. அப்பா அம்மாவுக்குக் கதைகள் தெரிந்திருக்கும். கைடை ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பாட்டியைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல விடுங்கள். முன் மண்டபத்துக் குதிரைகளையும் சக்கரத்தையும் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோடும் சிற்பத்தையும் யாரும் தவறவிட மாட்டார்கள். தட்டினால் பாடும் படிகள் இருந்தன. எல்லோரும் தட்டியே தேய்த்ததால் இப்போது கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் இன்னொரு அரைநாள் கிடைத்தால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜராஜன் மகன் ராஜேந்திரன் எடுத்த விமானம் அப்பாவுடையதைவிட உயரம் குறைவு, கோடுகள் வளைந்து மேலேறும். வடபுறப் படிக்கட்டை ஒட்டி, சிவன் தன் கையால் சண்டிகேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிற சிற்பம். குனிந்த அந்தத் தலையை ராஜேந்திரனாகவே பார்ப்பவர்களும் உண்டு. இந்தக் கோயிலின் மதில் ஏன் இவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். தஞ்சைக் கோயில் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது, தாராசுரமும் இதுவும் 2004-இல்தான் அதோடு சேர்ந்தன.

பேரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்திலேயே தொகை, நேரம், எத்தனை கோயில் என்று மூன்றையும் பேசிவிடுங்கள். "கடைக்கு வேண்டாம்" என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி அரைமணி நேரம் பட்டுக்கடையிலோ தலையாட்டிப் பொம்மைக் கடையிலோ போகும். சிலை வார்ப்பதைப் பார்க்க ஆசையென்றால் கும்பகோணம் பக்கத்து சுவாமிமலைக்கு நீங்களே போகலாம், பட்டறைகளில் மெழுகு உருவத்துக்கு மேல் வண்டல் மண் பூசுவதைப் பார்க்க விடுவார்கள். எல்லாம் கேட்ட பிறகு கைடு நன்றாகச் சொன்னார் என்று பட்டால் பேசியதற்கு மேலே கொஞ்சம் கொடுங்கள். நந்தி நாயக்கர் காலம் என்று சொல்கிறவருக்கு நந்தி வளர்ந்தது என்று சொல்கிறவரைவிடக் கூட்டம் குறைவாகத்தான் சேரும்.

கிளம்புவதற்கு முன் காலண்டரில் பிரதோஷம் என்றைக்கு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய நந்திக்கு அபிஷேகம், முற்றம் நிரம்பி வழியும். பாலும் மஞ்சளும் நந்திமேல் வழிவதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாளாகவே பார்த்துப் போங்கள். சுவரைப் படிக்க வேண்டுமென்றால் வேறு நாள்.